நாற்பத்தோராவது கட்டம்

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நகைக்கடைக்கும் போன் திருத்தும் கடைக்கும் நடுவில் நாகேந்திரத்தின் கொமினிகேஷன் கடை இருக்கிறது. போட்டோக் கொப்பி, லமினேற், பாஸ்போட் படம், கலியாணக் குறிப்பு ரைப் பண்ணுவது எல்லாம் அங்கே நடக்கும். ஆனால் சனம் அவரைத் தேடி வருவது படிவம் நிரப்பத்தான். பெரிய பெரிய பட்டம் வாங்கியவர்களுக்கும் எம்பசிப் படிவம் என்றால் பேனை ஓடாது. "நாகேந்திரம் அண்ணையிட்டைக் குடுப்பம். அந்தாள் ஒரு கட்டத்தையும் வெறுமையா விடாது" என்று கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நிம்மதியாக இடியப்பம் வாங்கப் போய்விடுவார்கள்.

ஒரு கட்டத்தையும் வெறுமையாக விடாத பழக்கம் அவருக்குச் சும்மா வந்ததில்லை. தொண்ணூற்றாறில் அவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் தங்கியிருந்த காலத்தில், வடக்கிலிருந்து வருகிறவன் எவனும் பொலிஸில் பதிய வேண்டும். ஆங்கிலம் தெரிந்த நாகேந்திரம் லொட்ஜில் இருந்த அத்தனை பேருக்கும் படிவம் நிரப்பிக் கொடுத்தார். பக்கத்து அறையில் இருந்த சாவகச்சேரிப் பெடியன் ஒருவன், தானே நிரப்புகிறேன் என்று நின்று, 'வந்த காரணம்' என்ற இடத்தை விட்டுவிட்டான். அடுத்த நாள் விடியச் சுற்றிவளைப்பில் கொண்டுபோனார்கள். பதினொரு நாள் கழித்துத் திரும்பி வந்தவன் அதற்குப் பிறகு யாரோடும் கதைக்கவில்லை. அன்றைக்கு நாகேந்திரம் தன் மனதில் எழுதிக்கொண்டார்: கேட்டதற்கெல்லாம் பதில் எழுத வேண்டும். விரும்பினால் மட்டும் எழுதவும் என்று போட்டிருந்தாலும் எழுத வேண்டும்.

அதோடு இன்னொரு பழக்கமும் ஒட்டிக்கொண்டது. படிவம் கையில் இருக்கும்போது அவர் போன் எடுக்கமாட்டார். ஒரு எண் மாறினால் ஒருவனுடைய வாழ்க்கையே மாறிவிடும் என்பார். போனைக் கவிழ்த்து மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டிவிடுவார். "கடை நேரத்தில எனக்கு அடிக்காதை" என்று மனைவிக்கு நூறு தரமாவது சொல்லியிருப்பார். அவளும் அடிக்கமாட்டாள். சொல்லுக் கேட்கிற பெண் அவள்.

அவள் இறந்ததும் அப்படித்தான். ஒரு சனிக்கிழமை காலை, மூன்றாம் மாடி பிளாற்றில், மாரடைப்பு. நாகேந்திரம் கடையில் கனடாப் படிவம் ஒன்றில் மூழ்கியிருந்தார். ஒரே மகள் தனுஷியா பம்பலப்பிட்டியில் ரியூசன் வகுப்பில் இருந்தாள். மேல்மாடிக்காரர் கதவைத் தட்டிப் பார்த்து, அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடியபோது நேரம் கடந்துவிட்டது.

அதற்குப் பிறகு தகப்பனும் மகளுமாக அந்த பிளாற்றில் இருந்தார்கள். இருந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும், வாழ்ந்தார்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. பின்னேரம் கடை பூட்டி வருகிறவர் செருப்பைக் கழற்றும்போதே "சாப்பிட்டியே பிள்ளை?" என்பார். "சாப்பிட்டன் அப்பா" என்பாள் அவள். அதோடு அன்றைய கதை முடிந்தது. உயர்தரப் பரீட்சை முடிவு வந்தது. டொக்டராவாள் என்று ஊரெல்லாம் எதிர்பார்த்த பிள்ளைக்கு மூன்று பாடத்திலும் வெறும் 'எஸ்', ஆகக் குறைந்த தேர்ச்சி. அன்றைக்கும் அவர் அதையேதான் கேட்டார், அவளும் அதையேதான் சொன்னாள். குளியலறைப் பைப்பை முழுதாகத் திறந்துவிட்டு அவள் அழுவது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கும். அவர் டிவியின் சத்தத்தைக் கூட்டுவார். பிள்ளைக்கு வெட்கமாக இருக்குமே என்று நினைத்துத்தான் கூட்டினார். கல்நெஞ்சுக்காரர் இல்லை அவர்.

மனைவி போய் மூன்றாம் மாதம் தனுஷியாவின் போன் விழுந்து உடைந்தது. பக்கத்துக் கடை நப்ரீஸ்தான் திருத்தினான். எடுக்கப்போன நாகேந்திரம், வேலை செய்கிறதா என்று பார்க்க அங்கேயும் இங்கேயும் தட்டினார். படங்களுக்குள் ஒன்று இருந்தது. போனில் வந்த அழைப்புகளை அப்படியே படமாகப் பிடித்து வைத்திருந்தாள். 'அம்மா, 10.12. அம்மா, 10.14.' இரண்டும் சிவப்பு. அந்தச் சனிக்கிழமைத் திகதி. வகுப்பில் போனைச் சத்தமில்லாமல் பையில் வைத்திருந்திருக்கிறாள் பிள்ளை. தாய் இரண்டு தரம் அடித்திருக்கிறாள்.

போனைக் கொண்டுபோய் மகளிடம் கொடுத்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதற்குக் காரணம் இருந்தது. அந்தக் கதையைத் தொட்டால், சாகிற நேரத்தில் அவள் பதினைந்து நிமிட நடையில் இருந்த புருசனுக்கு அடிக்காமல், பம்பலப்பிட்டியில் இருந்த பிள்ளைக்கு ஏன் அடித்தாள் என்ற கதையையும் தொட வேண்டிவரும். லாச்சிக்குள் கவிழ்ந்து கிடந்த போனைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும். அவருக்கு அந்தத் துணிவு இல்லை.

தனுஷியாவுக்கு 'ஏழாம் மௌனம்' என்ற தியானக் கூட்டம் அறிமுகமானது ஒரு குட்டி வீடியோவில். கடல் அலை, அதன்மேல் ஒரு பெண்ணின் குரல்: "நீ தோற்கவில்லை. உன்னைக் கேட்க ஒருவரும் இல்லை, அவ்வளவுதான்." பரீட்சை முடிவு வந்த கிழமை அது. அந்தக் கிழமை எந்தப் பிள்ளை எதைத் தேடும் என்று கணக்குப் போட்டுத்தான் போட்டிருப்பார்கள் பாவிகள். கீழே தனுஷியா ஒரேயொரு சொல் எழுதினாள்: "உண்மை." ஒரு மணித்தியாலத்துக்குள் மிதுனா அக்கா என்ற ஒருத்தியிடமிருந்து செய்தி வந்தது. தான் மெல்பேணில் இருப்பதாகவும், தானும் இப்படித்தான் அழுதவள் என்றும் அவள் சொன்னாள். பிறகு தினமும் குரல் செய்தி. எழும்பியாச்சா, சாப்பிட்டாச்சா, நேற்று ஏன் குரல் வாடியிருந்தது? பெற்ற தகப்பன் ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொண்ட வீட்டில், முன்பின் தெரியாத ஒருத்தி நாளுக்கு நாற்பது கேள்வி கேட்டாள்.

பிறகு பதினொரு பெட்டைகள் இருந்த வாட்ஸ்அப் குழு. விடிய ஐந்தரைக்கு கமராவைப் போட்டுவிட்டுத் தியானம். பிறகு மற்றக் குழுக்களிலிருந்து விலக வேண்டும். பிறகு பள்ளிக்கூடச் சிநேகிதிகளோடு கதைக்கக்கூடாது. பிறகு வெளிச்சாப்பாடு இல்லை, மீன் இறைச்சி என்று மச்சம் எதுவும் இல்லை, கிழமைக்கு ஒரு நாள் வீட்டிலும் பேச்சு இல்லை. தகப்பன்மார் எவராவது இதைக் கண்டு பயந்திருக்க வேண்டும். நாகேந்திரம் சந்தோசப்பட்டார்.

அவரை மட்டும் குற்றம் சொல்லி என்ன? வெள்ளவத்தையில் நல்ல பிள்ளை என்றால் வீட்டைவிட்டு வெளியே போகாத பிள்ளை. கடலோரம் மரைன் டிரைவில் எவனோடும் நிற்காத பிள்ளை. கிறில் கதவுக்கு இரண்டு பூட்டுப் போட்டுவிட்டு, பிள்ளை அறைக்குள்தான் இருக்கிறாள் என்று எத்தனை வீடுகள் நிம்மதியாகத் தூங்குகின்றன! கையில் இருக்கிற போனுக்குக் கதவு இல்லை என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை. கடைக்கு வந்த ஒரு மனுசி தனுஷியாவைப் பற்றி விசாரித்தபோது, "விடிய எழும்பித் தியானம் செய்யிறா. மச்சம் தொடுறேல்லை" என்று நாகேந்திரம் பெருமையோடு சொன்னார். "தாய் இல்லாத பிள்ளையை நல்லா வளத்திருக்கிறியள்" என்றாள் அந்த மனுசி.

ஒரு நாள் மிதுனாவிடமிருந்து அவருக்கே குரல் செய்தி வந்தது. தனுஷியா மூன்றாம் நிலைக்குத் தகுதியாகிவிட்டாள், பெற்றோர் ஒரு படிவம் நிரப்ப வேண்டும், பிள்ளைக்குத் தெரிய வேண்டாம், பிள்ளைகள் வெட்கப்படுவார்கள் என்று. ஐம்பத்திரண்டு கேள்விகள். நாகேந்திரத்துக்கு அந்தப் படிவம் பிடித்துக்கொண்டது. ஒழுங்காகக் கட்டம் போட்டு, இலக்கம் போட்டு, எம்பசிக்காரன் தோற்றுப்போகிற மாதிரித் தயாரித்திருந்தார்கள். போனை லாச்சிக்குள் கவிழ்த்துப் போட்டுவிட்டுக் கம்பியூட்டரில் உட்கார்ந்தார். பிள்ளை எதற்குப் பயப்படுவாள்? இருட்டுக்கும் ஊசிக்கும். யாருடைய சொல்லால் அதிகம் நோகிறாள்? ரியூசன் மாஸ்ரருடைய சொல்லால். எங்கே அழுவாள்? குளியலறையில், பைப்பைத் திறந்துவிட்டு.

நாற்பத்தோராவது கட்டம்: 'பிள்ளை ஒருவரிடமும் சொல்லாமல் மனதில் வைத்திருக்கும் துயரம் (விரும்பினால் மட்டும்).' நாகேந்திரம் எழுதினார். தாய் இறந்த நாள் இரண்டு தடவை அழைத்ததையும், மணி 10.12 என்றும் 10.14 என்றும், பிள்ளை அதைப் படமாக வைத்திருப்பதையும், தன்னால்தான் தாய் செத்தாள் என்று அவள் நினைப்பதாகத் தோன்றுவதையும், நல்ல தமிழில், பிழையில்லாமல் எழுதினார். மகளிடம் ஒரு வரி சொல்லாத மனுசன் அந்தக் கட்டத்தில் ஒன்பது வரி எழுதினார். எழுதி முடித்தபோது நெஞ்சு இலேசானது போல இருந்தது.

நாற்பத்திரண்டாவது கட்டம்: 'நீங்கள் பிள்ளையிடம் மறைத்தது ஏதும் உண்டா?' அதற்கு 'இல்லை' என்று எழுதினார். பிறகு வழக்கம்போல ஒரு பிரதியைக் கம்பியூட்டரில் சேமித்துவிட்டு அனுப்பினார்.

ஒன்றரை மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தனுஷியா சின்னப் பை ஒன்றோடு ஏழு நாள் முகாமுக்கு வத்தளைக்குப் போனாள். பெண்கள் மட்டும்தான் என்றதால் அவரே பஸ் ஏற்றிவிட்டார். எட்டாம் நாள் செய்தி வந்தது: 'நான் வீட்டுக்கு வந்துவிட்டேன், அப்பா. இதுதான் வீடு. என்னைத் தேட வேண்டாம்.' அதற்குப் பிறகு அந்த இலக்கம் வேலை செய்யவில்லை.

பொலிஸுக்குப் போனார். மேசையில் இருந்தவன் நல்ல மனுசன்தான், கதிரை போட்டு இருத்தினான். "வயச கீயத?" என்று சிங்களத்தில் வயதைக் கேட்டான். "விஸ்ஸய்" என்றார் நாகேந்திரம், இருபது. வயது வந்த பிள்ளை, தானாகப் போயிருக்கிறாள், தேட வேண்டாம் என்று எழுதியும் இருக்கிறாள், நாங்கள் என்ன செய்ய முடியும் என்று சிங்களத்தில் ஆறுதலாகச் சொல்லி அனுப்பிவிட்டான். தேட வேண்டாம் என்று எழுதிய பிள்ளையை எந்த முகத்தோடு கூப்பிடுவது என்று வத்தளைக்கும் அவர் போகவில்லை. சொந்தக்காரருக்கு நாகேந்திரம் உண்மையைச் சொல்லவில்லை. "அவுஸ்ரேலியாவுக்குப் படிக்கப் போயிட்டா" என்றார். வெள்ளவத்தையில் அதைவிட நம்பத்தகுந்த பொய் கிடையாது. எல்லாரும் வாழ்த்தினார்கள். ஒருவரும் தேடவில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம் நப்ரீஸ் போனை நீட்டிக்கொண்டு கடைக்குள் வந்தான்.

"அண்ண, இது ஒங்கட புள்ளதானே? என்ட தங்கச்சி வூட்டுல பாத்துக்கிட்டு இருந்தா."

வெள்ளை உடுப்பில் தனுஷியா. கன்னம் ஒட்டியிருந்தது. வீட்டுத் தமிழ் போய், செய்தி வாசிக்கிற தமிழில் பேசினாள்: "உலகத்தில் ஒருவருக்கும் தெரியாத ஒன்றைத் தாயார் எனக்குச் சொன்னார். என் அம்மா இறந்த நாளில் என்னை இரண்டு தடவை அழைத்தார். பத்துப் பன்னிரண்டுக்கும் பத்துப் பதினான்குக்கும். நான் எடுக்கவில்லை. தாயார் என் தலையில் கைவைத்து, அது உன் பிழையில்லை என்றார். அன்றைக்குத்தான் நான் பிறந்தேன்."

தாயார் என்று அவள் சொன்னது அந்தக் கூட்டத்தின் தலைவியை. வீடியோவுக்குக் கீழே நூற்றுக்கணக்கான பெட்டைகள் எழுதியிருந்தார்கள். 'எனக்கும் தாயாரைப் பார்க்க வேணும் அக்கா.' 'எனக்கும்.' 'எனக்கும்.'

நாகேந்திரம் கம்பியூட்டரில் அந்தப் பிரதியைத் தேடித் திறந்தார். ஒன்பது வரியையும் வாசித்தார். நிமிடம்கூட மாறவில்லை. தன் பிள்ளையின் நெஞ்சுக்குப் போகிற பாதையைத் தன் கையாலேயே ரைப் பண்ணிக் கொடுத்திருக்கிறார் மனுசன். மேசையில் தலையை வைத்து அவர் அழுததை அந்த ஒழுங்கையில் நப்ரீஸ் மட்டும்தான் கண்டான். விசயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அவன்தான் சொன்னான்.

"அப்ப இதக் கொண்டு போய்க் காட்டுங்களே அண்ண. நீங்க எழுதின தேதி இதுல இருக்கு. புள்ளைக்கு வெளங்காம போகுமா?"

அந்தச் சொல்லில் நாகேந்திரத்துக்கு உயிர் வந்தது. ஐந்து பக்கத்தையும் அச்சடித்து, மட்டைக்குள் வைத்து, ஷேர்ட் மாற்றிக்கொண்டு கோட்டைக்குப் போய் நீர்கொழும்பு பஸ் ஏறினார். களனிப் பாலம் கடக்கும்போது, பின்னேரம் இரண்டு பேராகத் திரும்பி வருவோம் என்று நினைத்தார். வீட்டில் அரிசி இருக்கிறதா என்றுகூட யோசித்தார்.

வத்தளையில், முகாமுக்கென்று தந்திருந்த விலாசத்தில், உயர்ந்த மதிலுக்குள் இரண்டு மாடி வீடு. கேட்டில் அரை மணித்தியாலம் நிற்கவிட்டுப் பிறகு கார் நிறுத்துகிற இடத்தில் ஒரு பிளாஸ்ரிக் கதிரை போட்டார்கள். தனுஷியா வந்தாள். கூட ஒருத்தி வந்து சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள். அவள் வணக்கம் சொன்னதும் குரலை வைத்து நாகேந்திரம் கண்டுகொண்டார். மெல்பேணில் இருப்பதாகச் சொன்ன மிதுனா அவள்.

"எங்களுக்குப் பத்து நிமிடங்கள்தான் உள்ளன, அப்பா" என்றாள் தனுஷியா, வீடியோத் தமிழில்.

"ஒண்டும் வேண்டாம் பிள்ளை. இதை மட்டும் வாசி. நாப்பத்தோராவது."

அவள் வாசித்தாள். உதடு அசைந்தது. மிதுனா எழுந்து கிட்ட வந்தபோது, அவளைப் பார்க்காமலே கையைக் காட்டி நிறுத்தினாள். நாகேந்திரம் அந்தக் கையைப் பார்த்தார். பிள்ளை திரும்பிவிட்டாள் என்றே நினைத்தார்.

"இது ஆர் எழுதினது?" இப்போது அது வீட்டுத் தமிழ்.

"நான்தான். உவை எனக்கு அனுப்பி நிரப்பச் சொன்னவை. திகதியைப் பார். உன்ர தாயாருக்கு ஒரு ஞானமும் கிடையாது பிள்ளை. நான் எழுதினதைத்தான் உனக்குத் திருப்பிச் சொல்லியிருக்கிறா. வா, வீட்டை போவம்."

தனுஷியா தலையை நிமிர்த்தவில்லை.

"அப்ப உங்களுக்குத் தெரியும்" என்றாள். "எப்ப இருந்து தெரியும்?"

"உன்ர போன் உடைஞ்சுதே, அண்டைக்கு."

"அம்மா செத்து மூண்டு மாசம் அப்ப." அவள் விரலால் கடதாசியின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். "ரெண்டு வருசம், அப்பா. ரெண்டு வருசமா நான் அம்மாவைக் கொன்றுபோட்டன், கொன்றுபோட்டன் எண்டு செத்துக்கொண்டு இருந்தனான். நீங்கள் தெரிஞ்சுகொண்டு எனக்கு முன்னால இருந்து சாப்பிட்டனீங்கள். டிவி பாத்தனீங்கள். முகம் தெரியாத ஆக்களுக்கு ஒன்பது வரி எழுத ஏலுமெண்டால், எனக்கு ஒரு வரி சொல்ல ஏலாதே? அவ பொய்க்காரியாவே இருக்கட்டும். அது உன்ர பிழையில்லை எண்டு சொன்னது அவதானே. நீங்கள் இல்லையே."

"பிள்ளை..."

"நாப்பத்திரண்டில 'இல்லை' எண்டு எழுதியிருக்கிறியள்" என்றாள் தனுஷியா. "இதையும் மறைச்சுப்போட்டு இல்லை எண்டு எழுதியிருக்கிறியள். வேற என்னப்பா மறைச்சனீங்கள்?"

கேட்டுவிட்டு முதல் தடவையாக அவருடைய முகத்தைப் பார்த்தாள். பதிலுக்காகத்தான் பார்த்தாள். அந்தப் பார்வையை நாகேந்திரம் சாகும்வரை மறக்கமாட்டார். சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று. கொம்மா எனக்கு அடிக்காததால்தான் உனக்கு அடித்தவள், எனக்கு அடிக்காதே என்று நான்தான் சொல்லி வைத்திருந்தேன், என்ர போன் லாச்சிக்குள் கிடந்தது, பிழை உன்னுடையதில்லை, என்னுடையது. அவ்வளவுதான். மிதுனா மணிக்கூட்டைப் பார்த்தாள். மதிலுக்கு வெளியே பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. நாகேந்திரம் வாயைத் திறந்தார்.

"சாப்பிட்டியே பிள்ளை?" என்றார்.

தனுஷியா ஐந்து பக்கங்களையும் ஒழுங்காக அடுக்கி மட்டைக்குள் வைத்து அவருடைய மடியில் வைத்தாள்.

"சாப்பிட்டன் அப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

மிதுனா கேட்டைத் திறந்துவிட்டாள். அவர் வெளியே வந்ததும் உள்ளேயிருந்து தாழ்ப்பாளைப் போட்டாள். நாகேந்திரம் மட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை நடந்தார்.